இரண்டாம் முறை வராதவர்கள்

எங்கள் பக்கத்தில் 'யு.எஃப்.ஆர்.' என்றால் பள்ளிக்கூடப் படி மிதிக்காத ஆச்சிக்கும் விளங்கும். யூரின் ஃபுல் ரிப்போர்ட் என்பதன் சுருக்கம் அது. காய்ச்சல், இடுப்பு நோவு, கால்வீக்கம், வயிற்றுக்குத்து என்று எதைச் சொல்லிக்கொண்டு ஓ.பி.டி.க்குப் போனாலும் டொக்டர் எழுதித் தரும் துண்டில் அந்த மூன்று எழுத்தும் இருக்கும். ஊசி குத்தும் வேலை இல்லை. பெரிய செலவும் இல்லை. காலையில் கொடுத்தால் மத்தியானத்துக்குள் முடிவு கைக்கு வந்துவிடும். இவ்வளவு லேசாகக் கிடைப்பதாலோ என்னவோ, அதற்கு மரியாதையும் குறைவு. ஸ்கான் படத்தை உறையோடு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறவர்கள், சல ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் கடைச் சாமான் கணக்கு எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எனது ஊர் பெரியகல்லாறு. கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி, நடுவே கல்முனைக்குப் போகும் பெரிய வீதி. வடக்கே கோட்டைக்கல்லாறும் ஓந்தாச்சிமடமும் தாண்டினால் களுவாஞ்சிகுடி. தெற்கே பெரியநீலாவணையோடு அம்பாறை மாவட்டம் தொடங்கிவிடும். ஆதார வைத்தியசாலை தேவையென்றால் எங்கள் சனம் களுவாஞ்சிகுடிக்கோ கல்முனைக்கோ போகும். அதற்கு மேல் வேண்டுமென்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை. மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர் என்று நீட்டிச் சொல்லப்படும் உத்தியோகம் எனக்கு. சனங்களின் வாயில் 'லாப் சேர்'. இந்தக் கரையோரத்து ஆய்வுகூடங்களில் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் குனிந்தபடியே அந்த உத்தியோகம் முடிந்தது.

நோய் இன்னதென்று தீர்மானிப்பது டொக்டரின் வேலை. எனக்கு அந்த உரிமை இல்லை. ஆனால் பார்வைக்குத் தெளிவாக இருக்கும் சலத்துக்குள் கிடக்கும் செங்குழியங்களை எண்ணியதில் எனக்கு நீண்ட பழக்கம் உண்டு. சலம் சிவப்பாகப் போனால் எவரும் பயந்து ஓடி வருவார்கள். ஒரு லீற்றர் சலத்தில் ஒரு மில்லிலீற்றர் இரத்தம் கலந்தாலே நிறம் மாறித் தெரியும். அதற்கும் குறைந்த அளவென்றால் கண்ணுக்குப் பிடிபடாது. நோவும் எரிவும் இல்லாவிட்டால் ஆளுக்கும் தெரியாது. வேறு எதற்கோ எழுதிய யு.எஃப்.ஆரில்தான் அது அகப்படும். அகப்பட்ட பிறகு அந்த ஆள் மறுபடி வருகிறாரா, இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் சலம் எடுக்கும் முறை. முதலில் வருவதைக் கழியவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். காலையில் எழுந்ததும் போகும் சலம் செறிவாக இருப்பதால் குழியங்கள் சிதையாமல் கிடைக்கும். ஒரு மணித்தியாலத்துக்குள், மிஞ்சினால் இரண்டுக்குள், அது ஆய்வுகூடத்துக்கு வர வேண்டும். விடிய எடுத்ததை வெயிலில் சைக்கிள் கூடையில் வைத்து, சந்தைக்கும் போய்விட்டுப் பத்து மணிக்குக் கொண்டுவந்தால் குழியங்கள் பாதி கரைந்திருக்கும். போத்தலும் முக்கியம். வீட்டில் பிளீச் போட்டுக் கழுவிய ஜாம் போத்தலில் வந்த சலத்தை ஸ்ட்ரிப் என்ற நிறம் மாறும் சோதனைத் தாளில் பார்த்தால், இல்லாத இரத்தத்தை இருப்பதாகக் காட்டும். பெண்களுக்கு மாதவிலக்கு நாட்கள் தவிர்க்கப்பட வேண்டும். இதை ஆண்பிள்ளை நேரடியாகக் கேட்டால் பதில் வராது. வாட் மிஸ்மாரிடம் சொல்லிக் கேட்பிப்போம்.

வந்த சலத்தில் பத்து மில்லிலீற்றரளவைக் குழாயில் ஊற்றி, நிமிடத்துக்கு 1,500 முதல் 2,000 சுற்று வேகத்தில் 5 நிமிடம் சென்ரிபியூஜில் சுற்றுவோம். மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு, அடியில் மிஞ்சும் மண்டியில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் விட்டுப் பார்ப்போம். போர்க்காலத்தில் மின்சாரம் இருந்த நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. கையால் சுற்றும் சென்ரிபியூஜும், யன்னல் வெளிச்சத்தை வாங்கும் கண்ணாடி பொருத்திய பழைய நுணுக்குக்காட்டியும் அப்போது கைகொடுத்தன. 40 மடங்கு வில்லையில் ஒரு பார்வைப் புலத்தில் எத்தனை செங்குழியம் என்று, பத்துப் புலமாவது பார்த்து எழுத வேண்டும். ஒன்றிரண்டு இருப்பது சுகதேகிக்கும் இயல்பு. 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் காரணம் தேட வேண்டும். அமெரிக்க சிறுநீரியல் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியும் இந்த எண்ணையே எல்லையாக வைக்கிறது. அதே வழிகாட்டி இன்னொன்றையும் வற்புறுத்துகிறது: ஸ்ட்ரிப்பின் நிறமாற்றத்தை மட்டும் வைத்து இரத்தம் என்று முடிவுகட்டக் கூடாது.

ஏன் என்பதற்கு எங்கள் கடற்கரையே சாட்சி. கரைவலை இழுக்கும்போது மீனோடு கடற்பாம்பும் மடிக்குள் வரும். பிரித்து எறிகிற வேளையில் கடித்தால் பெரிதாக நோகாது, வீங்காது. ஒரு நடுவயது மீனவரை இப்படித்தான் ஓர் இரவு கொண்டுவந்தார்கள். "கடிச்ச இடத்தில வீக்கம் ஒண்டும் இல்ல சேர். ஆனா ஆளால வாயத் துறக்க ஏலாம இரிக்கு" என்றார் மனைவி. உடம்பெல்லாம் தசைநோவு. சலம் பிளேன்ரி நிறம். ஸ்ட்ரிப்பை நனைத்ததும் இரத்தக் கட்டம் கடும் பச்சையாகி மூன்று பிளஸ் காட்டியது. தகட்டில் பார்த்தால் ஒரு செங்குழியமும் இல்லை.

ஸ்ட்ரிப் செங்குழியத்தைப் பார்ப்பதில்லை. ஹீம் என்ற சேர்வை செய்யும் ஒரு வேதிவினையைத்தான் அது காட்டுகிறது. குழியம் உடைந்து வெளிவந்த ஹீமோகுளோபினுக்கும் அது நிறம் மாறும். சிதைந்த தசையிலிருந்து கசியும் மயோகுளோபினுக்கும் மாறும். எதுவென்று பிரித்தறிய ஆளின் இரத்தத்தை எடுத்துச் சுற்றிப் பார்ப்போம். மேலே நிற்கும் தெளிநீர் இளஞ்சிவப்பானால் ஹீமோகுளோபின், வழமையான மஞ்சளாகவே நின்றால் மயோகுளோபின். அன்றைக்கு மஞ்சளாக நின்றது. கடற்பாம்பின் நஞ்சு தசையைச் சிதைக்கிறது, அந்தச் சிதைவு சிறுநீரகத்தை அடைக்கப் போகிறது என்பதற்கு அது போதுமான சான்று. உடனே வாட்டுக்குச் சொன்னேன். அந்த இரவே அவர் மட்டக்களப்புக்குப் போனார். பிழைத்தார். 'சலத்தில் இரத்தம்' என்று மட்டும் எழுதி அனுப்பியிருந்தால் எல்லோரும் வேறு இடத்தில் நோயைத் தேடியிருப்பார்கள்.

வாவிக்கு அப்பால் படுவான்கரை வயல்களில் கண்ணாடி விரியன் கடித்து வருகிறவர்களின் கதை இன்னும் சிக்கலானது. இலங்கையின் விரியன் நஞ்சு இரத்தத்தை உறையவிடாது, தசையையும் தாக்கும். ஆகவே ஸ்ட்ரிப் நிறம் மாறினால் உண்மையான இரத்தக் கசிவாகவும் இருக்கலாம், மயோகுளோபினாகவும் இருக்கலாம். கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை 20 நிமிடம் அசையாமல் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் சோதனையோடு சேர்த்துத்தான் அந்த யு.எஃப்.ஆரை வாசிக்க வேண்டும். மலேரியா இருந்த நாட்களில் பிரைமகுயின் குளிசை போட்ட சிலருக்கும் சலம் கறுத்து வரும். ஜி6பிடி என்ற நொதியம் பிறப்பிலேயே குறைந்தவர்களுக்கு அந்தக் குளிசை செங்குழியங்களை உடைத்துவிடும். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அந்தக் கறுத்த போத்தல்களும் எங்கள் மேசைக்கு வருவது நின்றது.

மறுபக்கமாகவும் ஸ்ட்ரிப் பிழைக்கும். விட்டமின் சி குளிசையை நிறைய விழுங்குகிறவருக்கு உள்ள இரத்தத்தையும் இல்லையென்று சொல்லும். நுணுக்குக்காட்டியிலும் பொறிகள் உண்டு. பூஞ்சைக் கலமும் எண்ணெய்த் துளியும் காற்றுக் குமிழியும் புதுக் கண்ணுக்குச் செங்குழியமாகவே தோன்றும். சந்தேகமென்றால் ஒரு சொட்டு நீர்த்த அசற்றிக் அமிலம் விடுவோம். செங்குழியம் கரைந்துவிடும், பூஞ்சை அப்படியே நிற்கும்.

இரத்தந்தான் என்று உறுதியான பிறகு அடுத்த கேள்வி: எங்கிருந்து? இதற்கு வடிவம் ஒரு தடயம். 1979இல் மெல்பேர்ணைச் சேர்ந்த பேர்ச், ஃபெயார்லி என்ற இருவர் இதைத் தெளிவாக எழுதினார்கள். சிறுநீர்ப்பையிலிருந்தோ குழாயிலிருந்தோ கல் உராய்ந்தோ வரும் குழியங்கள் வட்டமாக, ஒரே மாதிரி இருக்கும். சிறுநீரகத்தின் வடிகட்டியான குளோமெருலசுக்குள்ளால் பிதுங்கி வருபவை, மாமாங்கக் கோயில் தீர்த்தக் கூட்டத்துக்குள்ளால் வெளியே வந்தவரின் சட்டைபோல நெளிந்தும் கசங்கியும் இருக்கும். செங்குழியங்கள் நீள உருளையாக ஒட்டிய 'ரெட் செல் காஸ்ட்' ஒன்று கண்டால் சந்தேகமே வேண்டாம், கசிவு சிறுநீரகத்துக்குள்தான். கூடவே சலத்தில் புரதம், உயர்ந்த இரத்த அழுத்தம், இரத்தத்தில் ஏறிய கிரியற்றினின் இருந்தால் போக வேண்டியது சிறுநீரக வைத்தியரிடம்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தச் சிறுநீரகக் கசிவு பெரும்பாலும் சிரங்கின் பின்னால் வரும். காலில் சொறிந்து புண்ணான இடத்தில் ஸ்ட்ரெப்டோகொக்கசு தொற்றி, மூன்று முதல் ஆறு கிழமையில் விடிய எழும்பும்போது முகம் வீங்கும், சலம் பிளேன்ரியாகப் போகும். தொண்டைப் புண்ணுக்குப் பிறகென்றால் இன்னும் முந்தி, ஒன்றிலிருந்து மூன்று கிழமைக்குள். பெரும்பாலான பிள்ளைகள் முழுதாகச் சுகமாகிவிடுவார்கள். நிறம் சில கிழமைகளில் தெளியும். நுணுக்குக்காட்டிக்கு மட்டும் தெரியும் செங்குழியம் சிலரில் ஒரு வருடத்துக்கு மேலும் நீடிக்கும். பெரும்பாலான தாய்மார் நிறம் தெளிந்ததோடு வருவதை நிறுத்திவிடுவார்கள். ஒரு தாய் நிறுத்தவில்லை. "புள்ளக்கு இப்ப நல்ல தெளிவாப் போகுது சேர், இன்னும் ஏன் டெஸ்ட்?" என்று ஒருமுறை கேட்டார். "கண்ணுக்குத்தான் தெளிவு மனே. உள்ளுக்க இன்னும் இரிக்கு. அடுத்த மாசமும் கொண்டு வாங்க" என்றேன். கொண்டுவந்தார். ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் பள்ளிக்கூடக் கொப்பியில் ஒட்டி வைத்திருந்தார். 20–25 என்று தொடங்கி, 10–12, 4–6 என்று இறங்கி, கடைசிப் பக்கத்தில் 'நில்'. அந்தக் கொப்பியைப் பார்த்த பிள்ளை வைத்தியருக்கு வேறு கேள்வியே இருக்கவில்லை. எண் இறங்காமல் நின்றாலோ புரதம் கூடினாலோ சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்க்க வேண்டி வந்திருக்கும்.

சளி, தொண்டை நோவு வந்த ஓரிரு நாளிலேயே திரும்பத் திரும்பச் சலத்தில் இரத்தம் வந்தால் அது ஐஜிஏ நெஃப்ரோபதியாக இருக்கலாம். பாரிசில் பெர்ஜே என்ற வைத்தியர் 1968இல் விவரித்த நோய் அது. குடும்பத்தில் பலருக்கு ஒரே குறை இருந்தால், அதிலும் காது மந்தமானவர்கள் இருந்தால், பரம்பரைக் காரணம் தேடுவார்கள்.

பெரியவர்களில் அடிக்கடி காண்பது கல். வெயிலில் தோணியிலும் வயலிலும் நின்று, தண்ணீர் குடிக்காமல் நாளைக் கடத்துகிறவர்களுக்கும், மத்திய கிழக்கில் வேலை செய்து திரும்பியவர்களுக்கும் கல்லடைப்பு புதிதல்ல. செங்குழியத்தோடு ஒக்சலேற் பளிங்குகளும் தெரியும். ஆனால் பளிங்கு தெரிந்தவரெல்லாம் கல்லுக்காரர் இல்லை. கல் இருந்தும் செங்குழியம் இல்லாமல் வருபவரும் உண்டு. எக்ஸ்ரேயும் ஸ்கானும்தான் அதைத் தீர்க்கும். வேளாண்மைக் காலத்தில் எலிக்காய்ச்சல். இலங்கையில் 7,000க்கும் மேற்பட்டவர்களுக்கு எலிக்காய்ச்சல் சந்தேகம் பதிவான 2008ஆம் ஆண்டிலிருந்து, சேற்றுக் காலோடு வரும் காய்ச்சல்காரரின் யு.எஃப்.ஆரில் செங்குழியமும் புரதமும் கண்டால் நாங்கள் காத்திருப்பதில்லை, உடனே வாட்டுக்கு அறிவிப்போம். கடும் ஓட்டம், விளையாட்டு, உடலுறவு ஆகியவையும் ஓரிரு நாளைக்குச் செங்குழியத்தைக் காட்டும். இரண்டு மூன்று நாள் விட்டு மறுபடி பார்த்தால் மறைந்திருக்கும்.

அடுத்தது சலக்கடுப்பு. செங்குழியத்தோடு சீழ்க்கலம் நிறைய இருந்து, எரிவும் காய்ச்சலும் இருந்தால் பெரும்பாலும் கிருமித்தொற்றுத்தான். கல்ச்சர் செய்து மருந்து கொடுத்தால் தீரும். மருந்து முடிந்த பிறகு செங்குழியமும் போய்விட்டதா என்று மறுபடி யு.எஃப்.ஆர். செய்ய வேண்டும். எரிவு நின்றதும் சனம் வராது. இந்த இடத்தில்தான் பெண்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஆணுக்கு இரத்தம் என்றால் புரொஸ்டேட், கட்டி என்று யோசனை ஓடும். பெண்ணுக்கு என்றால் 'சலக்கடுப்பு' என்று முடித்துவிடுவது உலகம் முழுக்க உள்ள பழக்கம்.

அறுபது தாண்டிய ஓர் அம்மா ஒருநாள் சொப்பிங் பை நிறையப் பழைய துண்டுகளோடு வந்தார். ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு இடத்தில் காட்டி, ஒவ்வொரு அன்ரிபயோட்டிக் குடித்திருந்தார். நான் அவற்றைத் திகதிப்படி மேசையில் அடுக்கினேன். சீழ்க்கலம் ஒவ்வொன்றிலும் 1–2, 2–4. கல்ச்சர் செய்த இடங்களில் கிருமி வளரவில்லை. செங்குழியம் மட்டும் எல்லாவற்றிலும் 15க்கு மேல், வட்டமானவை. தனித்தனியாகப் பார்த்த எவருக்கும் பிடிபடாதது வரிசையாக வைத்ததும் தெரிந்தது. அடுக்கிய வரிசையோடு அவரை டொக்டரிடம் அனுப்பினேன். மட்டக்களப்பில் சிறுநீர்ப்பைக்குள் கமரா விட்டுப் பார்த்தபோது சிறிய கட்டி ஒன்று இருந்தது. ஆழம் போகாத கட்டி. வயிறு கிழிக்காமல் அதே வழியால் அகற்றினார்கள். பிறகும் குறித்த திகதிகளில் தவறாமல் கமராப் பரிசோதனைக்குப் போய்வந்தார்.

வராதவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இளவயதிலிருந்தே சுருட்டுக் குடித்தவர். சீனி வருத்தத்துக்கு எழுதிய யு.எஃப்.ஆரில் செங்குழியம் 10–12 இருந்தது. டொக்டர் ஸ்கானும் கமராப் பரிசோதனையும் வேண்டுமென்றார். துண்டை என்னிடம் காட்டி, "நோவில்ல, எரிவில்ல தம்பி. நெருஞ்சி அவிச்சுக் குடிச்சாச் சரியாகிரும்" என்று சிரித்தார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அடுத்த முறை அவர் வந்தது இரத்தக் கட்டி அடைத்துச் சலம் போகாமல். அப்போது புற்றுநோய் சிறுநீர்ப்பையின் தசைவரை பரவியிருந்தது. நோவில்லை என்பதுதான் அவரை ஏமாற்றியது. கல் நோகும், தொற்று எரியும். சிறுநீர்ப்பைக் கட்டி தொடக்கத்தில் எதுவும் சொல்லாது. இரத்தமும் ஒருநாள் வரும், பல நாள் வராது. புகைப்பவருக்கு அந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு.

இதைப் படித்துவிட்டு ஒருவரும் நித்திரையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நான் முன்பு சொன்ன அமெரிக்க வழிகாட்டி ஆட்களை மூன்றாகப் பிரிக்கிறது. 2025இல் திருத்திய கணக்குப்படி, 40 வயதுக்குக் குறைந்த ஆண், 60க்குக் குறைந்த பெண், புகைப்பழக்கம் இல்லை அல்லது மிகக் குறைவு, செங்குழியம் 3–10, இவை எல்லாம் பொருந்தினால் குறைந்த அபாயம். அவர்களில் புற்றுநோய் அகப்படுவது 100க்கு 0.4 பேருக்கு மேல் இல்லை. ஆறு மாதத்துக்குள் மறுபடி யு.எஃப்.ஆர். செய்தால் போதும். 60 தாண்டிய ஆண், கடும் புகைப்பழக்கம், 25க்கு மேல் செங்குழியம், முன்பு கண்ணுக்குத் தெரிய இரத்தம் போனது, இவற்றில் ஒன்று இருந்தாலும் உயர்ந்த அபாயம். அங்கே 1.3 முதல் 6.3 சதவீதம். அவர்களுக்குக் கமராப் பரிசோதனையும் சி.ரி. ஸ்கானும் வேண்டும். நடுவில் உள்ளவர்களுக்குக் கமராவும் சாதாரண ஸ்கானும். இதய வருத்தத்துக்கு அஸ்பிரினோ வார்ஃபரினோ குடிப்பவர்கள் "மருந்தால் வந்த இரத்தம்" என்று தட்டிக்கழிக்கக் கூடாது; அவர்களுக்கும் இதே தேடல்தான்.

செங்குழியம் இல்லை என்பதையும் அளவுக்கு மீறி நம்பக் கூடாது. அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்து விவசாயிகளை 1990களிலிருந்து வாட்டும், காரணம் இன்னும் முடிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோயில், சலத்தில் இரத்தமும் இருக்காது, புரதமும் பெரிதாக இருக்காது. கிரியற்றினின் பார்த்தால்தான் தெரியும். நாட்டு மருந்து குடிப்பவர்களுக்கு ஒரு சொல்: ஆடுதின்னாப்பாளை, ஈசுவரமூலி போன்ற அரிஸ்டலோக்கியா இனச் செடிகளில் உள்ள அமிலம் சிறுநீரகத்தையும் கெடுக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். குடிப்பது என்னவென்று டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

எங்கள் ஊருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பழைய ரிப்போர்ட்டுகளைத் திகதிப்படி ஒரு கொப்பியில் ஒட்டி வையுங்கள். கிளினிக் போகும்போது கொண்டுபோங்கள். நெருஞ்சியோ செவ்விளநீரோ குடிப்பது உங்கள் விருப்பம், ஆனால் அது பரிசோதனைக்கு மாற்றாகாது. ரிப்போர்ட்டில் செங்குழியம் 3 அல்லது அதற்கு மேல் என்று இருந்தால், அடுத்த பரிசோதனை என்ன, எப்போது என்று கேட்டுத் திகதி எழுதி வாங்காமல் டொக்டரின் அறையை விட்டு எழும்பாதீர்கள்.